கண்ணைப் பார்க்காமல் எடுத்த அளவு

என் தம்பியைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பேக்கரிக்காரரைக் கேட்டால் முதலில் சிரித்து முடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நான் அவனுடைய அக்கா. அவனுடைய கண்ணாடிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளும் நான்தான். எல்லாம் என் கண்முன்னால் நடந்தது. அதனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல எனக்குத்தான் உரிமை. நடுநடுவே எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் முழுசாகத் தீரவில்லை.

கடைத்தெரு திரும்புகிற முனையில் எங்கள் கடை. முன்பக்கம் சுவர் நிறைய ஃபிரேம்கள், ஒரு நாற்காலி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பின்பக்கம் லென்ஸ் தேய்க்கிற மெஷின் இருக்கும் சின்ன அறை. நாளில் பாதிப் பொழுது தம்பி அங்கேதான் கிடப்பான். வெளியே வரும்போது சட்டை முழுக்க ஈரமாவு அப்பினது போல லென்ஸ் தூளாக இருக்கும். வேலையில் அவனைக் குறை சொல்ல வாய் வராது. யாரோ மிதித்து நசுக்கிய ஃபிரேமைக்கூடப் புதிதாக்கிக் கொடுத்துவிடுவான். ஒரே ஒரு வியாதிதான். பெண்களை நேருக்கு நேர் பார்க்க மாட்டான். ஆம்பளைகள் வந்தால் மோவாயைப் பிடித்து அப்படித் திருப்பு இப்படித் திருப்பு என்று அதிகாரம் பண்ணுவான். பெண்கள் வந்தால் மின்விசிறியைப் பார்த்துப் பேசுவான். வேறு எந்தத் தொழிலாக இருந்தாலும் இது பெரிய விஷயமில்லை, பிழைப்பே கண்ணைப் பார்ப்பதாக இருக்கும்போது என்ன செய்வது.

இன்னொரு பழக்கமும் உண்டு. மர்ம நாவல் படிப்பான். ஃபிரேம் கேட்லாக்குக்குள் ஒளித்து வைத்துப் படிப்பான், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. இரண்டாவது அத்தியாயத்திலேயே கொலைகாரன் யார் என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்துவிடுவான். பாதிக்கு மேல் தப்பாகப் போகும். ஆனால் சரியாகப் போனவை மட்டும்தான் அவன் ஞாபகத்தில் தங்கும். என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே, "அப்ப அந்தத் தோட்டக்காரன் கேஸ் என்னாச்சு?" என்று கிண்டுவார். தம்பி காதில் வாங்கவே மாட்டான்.

எங்களுக்கு நேர் எதிரே தையல் கடை. அதன் சொந்தக்காரியை ஊரே டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லையா என்று யாராவது கேட்டால், முதலில் இந்தக் காலரை முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிப்பாள். அகன்ற முகம், பெரிய கண்கள், அதைவிடப் பெரிய சிரிப்பு. அவளிடம் வேலை செய்தவர் ஒரே ஒருவர், கட்டிங் மாஸ்டர். ஆள் உயரம், நல்ல குரல். வெட்டும்போது பாடுவார். அவர் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டிக் கொடுப்பார், அவள் தைப்பாள். இருவருக்கும் இடையில் நாளெல்லாம் கேலிப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கேலிப் பேச்சு எங்கள் கடைக்குள் கேட்கும்போதெல்லாம் தம்பி மெஷினை நிறுத்திவிடுவான். அவன் மனதில் இருந்தது எனக்கு எப்போதோ தெரியும். எங்கள் கடையில் இருப்பது ஒரு ஜன்னல். அதற்கு அவன் தைத்து வாங்கிய திரைச்சீலைகள் நான்கு ஜோடி. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மெஷினுக்கும் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருப்பான். ஆனால் அவளிடம் போய் ஒரு வார்த்தை பேசுவானா என்றால் மாட்டான். "இது... இந்த ஜன்னலுக்கு" என்று வாசற்படியைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவான்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் டெய்லரம்மாவே எங்கள் கடைக்கு வந்தாள். டாக்டரிடம் போயிருந்தாளாம், பவர் கூடியிருக்கிறதாம், புதுக் கண்ணாடி வேண்டும். ஃபிரேமை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அளவு எடுக்கத் தம்பியைக் கூப்பிட்டேன். கண்ணாடிக்கு அளவு என்றால், ஒரு சின்ன ஸ்கேலை மூக்கின் மேல் வைத்து, எதிரில் இருப்பவரை நம் கண்ணையே பார்க்கச் சொல்லி, இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். நிதானமாக, இரண்டு தரம் பார்க்க வேண்டிய வேலை. தம்பி வந்தான். காது சிவந்தது. ஸ்கேலை வைத்தான், எடுத்தான், உள்ளே போய்விட்டான். நான் ஒரு தும்மல் போடுவதற்குள் முடிந்துவிட்டது. டெய்லரம்மா என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றாள். கைதேர்ந்தவன் இல்லையா, அவனுக்கு அவ்வளவு போதும் என்று நானும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

கண்ணாடி தயாரானதும் வந்து போட்டுப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள். ஏதோ இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தம்பி சுவரைப் பார்த்து, "புதுக் கண்ணாடி இல்லையா, நாலு நாள்ல பழகிடும்" என்றான். இது எல்லாக் கண்ணாடிக் கடையிலும் சொல்கிற வசனம்தான். பெரும்பாலும் உண்மையும்கூட. அவளும் நம்பிப் போட்டுக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் தையல் கடையில் மர்மம் ஆரம்பித்தது.

முதலில் பள்ளிக்கூட டீச்சரின் கவுன். கீழ்மடிப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. டெய்லரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். அடுத்து பேக்கரிக்காரரின் சட்டை. பாக்கெட் அக்குளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பேனாவை எடுக்கக் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று அவர் தெருவெல்லாம் நடித்துக் காட்டினார். காலர் கோணிப்போனது, பொத்தான் ஓட்டைகள் வரிசை தவறின. அவள் கைவேலைக்கு ஊரில் அப்படி ஒரு பேர் இருந்தது, ஒரே மாதத்தில் அது ஆட்டம் கண்டுவிட்டது. அளந்து வெட்டினது சரியாகத்தானே இருக்கிறது, தைத்து முடித்தால் எங்கே போகிறது என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தலைவலி வேறு. கவலையால் வருகிறது என்று எல்லாரும் சொன்னோம்.

தம்பிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும். அத்தனை வருஷம் படித்த நாவல்கள் எல்லாம் ஒரே நாளில் அவன் தலைக்குள் எழுந்து நின்றன. கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்க்கடைக்குப் போய், நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று டெய்லரம்மாவிடம், அதாவது அவள் மெஷினிடம், சொன்னான். அவள் சிரித்தாள், மறுக்கவில்லை. அன்றைக்கு அவன் கால் தரையில் பாவவில்லை.

நான் அப்போதே கேட்டேன். "உனக்கு எதுக்குடா இந்த வேலை? லென்ஸைத் தேய்."

"அக்கா, இதுல உள்ளாள் வேலை இருக்கு" என்றான்.

உள்ளாள் என்றால் யார்? அங்கே இருந்ததே இரண்டு பேர். அவன் முடிவு முதல் நாளே ஆகிவிட்டது. பாடுகிறவன், சிரிக்க வைக்கிறவன், நாளெல்லாம் அவள் பக்கத்தில் நிற்கிறவன். மாஸ்டர் மேல் அவனுக்கு இருந்தது சந்தேகம் இல்லை, பொறாமை. அது அவனுக்கே தெரியவில்லை. குற்றவாளியை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் தடயம் தேடினான்.

தேடினால் கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. மாஸ்டரின் அளவு டேப் பழையது. துணி டேப் வருஷக்கணக்கில் இழுபட்டால் நீண்டுவிடும். ஒரு சனிக்கிழமை காலை, கடையில் ஆள் நிறைந்திருந்த நேரம், தம்பி எதிர்க்கடைக்குப் போய் டெய்லரம்மாவின் புது டேப்பையும் மாஸ்டரின் டேப்பையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தான். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய டேப் ஒரு விரல்கடை கூடுதல் நீளமாக இருந்தது.

"பாருங்க" என்றான், கூட்டத்தைப் பார்த்து. கூட்டத்தைப் பார்க்க மட்டும் அவனுக்கு அன்று தைரியம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் தொழில் பண்றவருக்கு இது தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சே பண்ணியிருக்கார். இந்தக் கடைப் பேரைக் கெடுத்துட்டு, தனிக்கடை போடத்தான்."

தனிக்கடை என்பது எந்த நாவலிலிருந்து வந்ததோ தெரியாது. மாஸ்டர் டேப்பைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"ஆளையும் இதே டேப்லதான் அளக்கிறேன், துணியையும் இதே டேப்லதான் அளக்கிறேன்" என்றார் மெதுவாக.

அதற்குள் பேக்கரிக்காரர் கையை அக்குளுக்குத் தூக்கி மறுபடி நடித்துக் காட்ட, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாஸ்டர் சொன்னது அந்தச் சிரிப்பில் அமுங்கிப் போயிற்று. டெய்லரம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவளும் தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மாஸ்டர் தன் கத்திரியை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். டேப்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். எங்கள் கடையைத் தாண்டும்போது என்னைப் பார்த்து வழக்கம்போலத் தலையாட்டினார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அன்று வீட்டில் தம்பி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் மட்டும், "நல்லவேளை, கொலை எதுவும் நடக்கல" என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு சட்டை கோணிப்போனது. வெட்டுவதும் இப்போது டெய்லரம்மாதான். அது மாஸ்டர் முன்னாலேயே வெட்டி வைத்த துணியாக இருக்கும் என்று தம்பி சொல்ல, அவளும் இருக்கலாம் என்றாள். இப்போது அவன் தினமும் அங்கே போய் வர ஆரம்பித்திருந்தான். வாசற்படியை விட்டுவிட்டு மேஜை வரைக்கும் பார்வை உயர்ந்திருந்தது. அதுவே பெரிய முன்னேற்றம்.

அந்த வாரத்தில்தான் அவள் கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காரும் சின்னக் குமிழ் ஒன்று கழன்று விழுந்தது. என்னிடம் கொடுத்துவிட்டு, கால் ஒடிந்து நூல் கட்டின பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மதியம் தம்பி எட்டிப் பார்த்தபோது ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தாளாம். அச்சில் வார்த்தது போல வந்திருந்ததாம். "இன்னிக்கு எனக்குத் தலைவலியே இல்லை. நீங்க வந்து போற ராசியோ என்னவோ" என்று சொல்லிச் சிரித்தாளாம்.

அவன் அங்கிருந்து கிளம்பியதை நான் பார்த்தேன். முகமெல்லாம் அசடு வழிய, மிதந்துகொண்டு வந்தான். தெருவின் பாதியில் வந்ததும் நின்றுவிட்டான். சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்து மணியடித்து, கடைசியில் சுற்றிக்கொண்டு போனார். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கேயே இறங்கிவிட்டது. கடைக்குள் வந்து, மேஜையில் இருந்த அவள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

பிறகு அவனே என்னிடம் சொன்னதை இப்போதே சொல்லிவிடுகிறேன். லென்ஸின் நடுப்புள்ளி கருவிழிக்கு நேராக உட்கார வேண்டும். பவர் அதிகமாக இருந்து, அந்தப் புள்ளி தள்ளிப்போனால், பார்க்கிற கோடும் தள்ளித் தெரியும், சமயத்தில் ஒரு கோடு இரண்டாகவும் தெரியும், தலையைப் பிளக்கும். அன்று அவன் அவளுடைய கண்ணைப் பார்க்கவே இல்லை. ஸ்கேலை வைத்தது சும்மா. பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிற ஓர் அளவு உண்டு, அதைப் போட்டுத் தேய்த்துவிட்டான். அவளுக்கோ அகன்ற முகம், விலகின கண்கள். மர்மத்துக்குக் காரணமானவன் பூதக்கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறான்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் நான் இன்று இதை இவ்வளவு சூடாகச் சொல்ல மாட்டேன். அந்த மகாராஜன் என்ன செய்தான் தெரியுமா? அவள் பழைய கண்ணாடியையும் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லி வாங்கி, அதிலிருந்து சரியான அளவை எடுத்து, புது லென்ஸ் தேய்த்து, அதே ஃபிரேமில் மாட்டி, குமிழையும் ஒட்டி, ஒன்றும் நடக்காதது போலக் கொடுத்துவிட்டான். பழைய லென்ஸைத் திரைச்சீலைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே ஒளித்துவைத்தான்.

தவறுகள் நின்றுவிட்டன. ஒரே நாளில், பட்டென்று. ஊர் என்ன சொல்லும்? மாஸ்டர் போனார், கோணலும் போயிற்று என்றது. தம்பி குருட்டாம்போக்கில் போட்ட பழி, அவன் ஓசைப்படாமல் செய்த திருத்தத்தால் உண்மையாகிவிட்டது. பேக்கரிக்காரர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். டீச்சர், தொலைந்த தன் குடையைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்தார். டெய்லரம்மா தினமும் எங்கள் கடைக்கே வந்து உட்கார ஆரம்பித்தாள். தானே தைத்த ஒரு சட்டையை அவனுக்குக் கொடுத்தாள். எத்தனை வருஷமாக அவன் ஏங்கினது அது! வாங்கி வைத்துக்கொண்டவன் அதைப் போடவே இல்லை.

சாப்பாடு இறங்கவில்லை. நாவலைத் தொடவில்லை. அவள் உள்ளே வந்தால் இவன் பின்னறைக்குள் போய் வெறும் மெஷினை ஓட்டுவான். வெட்கப்படுகிறான் என்று நினைத்து அவள் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள். ஒருநாள் அவள் போனதும் நான் பின்னறைக்குள் போய் மெஷினை அணைத்தேன். என்னடா விஷயம் என்றேன். அலமாரிக்கு மேலிருந்து அந்தத் துணிச்சுருளை எடுத்து என் கையில் கொடுத்தான். எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த லென்ஸை அவன் மேலேயே எறிந்திருப்பேன்.

"போய்ச் சொல்லு" என்றேன்.

"சொன்னா அவங்க அப்புறம் என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்க மாட்டாங்க அக்கா."

"இப்ப மட்டும் நீ அவங்களைப் பார்க்கறியா?"

தம்பி உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுதான் என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் அழுதான். அன்று மாஸ்டர் என்னைத் தாண்டிப் போகும்போது தலையாட்டிவிட்டுப் போனாரே என்று நான் சொன்னேன். அது போதுமாக இருந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். நீயும் வா என்றான். கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் மாஸ்டர் வீட்டுக்கு நடந்தோம்.

மாஸ்டர் அண்ணன் குடும்பத்தோடு இருப்பவர். கதவைத் திறந்தது அவருடைய அண்ணி. எங்களைப் பார்த்ததும் கதவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். வேறெந்தத் தையல் கடையிலும் மாஸ்டரைச் சேர்க்கவில்லையாம். அளவைத் திருடுகிற ஆள் என்று பேர் வந்துவிட்டதாம். காலையில் பழக்கதோஷத்தில் குளித்துக் கிளம்பி, வாசல் வரை வந்து, திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுகிறாராம். இதையெல்லாம் அந்தம்மா என்னிடம்தான் சொன்னார், தம்பி பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில்தான் அவனைப் பார்த்தார்.

"கண்ணாடிக்காரர் தங்கமான மனுஷன், அவரா பேச மாட்டார், நீங்களா வாயைத் திறந்தாத்தான் உண்டுன்னு அந்த டெய்லரம்மாகிட்ட உங்களுக்காகப் பேசிட்டிருந்ததே எங்க கொழுந்தனார்தான். தெரியுமா உங்களுக்கு?"

பக்கத்தில் நின்ற எனக்கே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. தம்பி அந்த வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னான். உள்ளே மாஸ்டர் ஒரு தலையணை உறையின் ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் நூலைக் கடித்து அறுத்தார்.

"என்னைப் பத்தி எங்க வச்சுச் சொன்னீங்க?"

"கடையில."

"அப்ப அங்கயே சொல்லுங்க. இங்க எதுக்கு?"

அவ்வளவுதான். அண்ணி கதவைச் சாத்திவிட்டார்.

சனிக்கிழமை காலை வரைக்கும் தம்பி காத்திருந்தான். அதே கூட்டம் இருக்க வேண்டும் என்பதற்காக. அவள் கொடுத்த சட்டையைப் போடாமல் மடித்துக் கையில் எடுத்துக்கொண்டான், துணிச்சுருளையும் எடுத்துக்கொண்டான். நானும் பின்னாலேயே போனேன். டீச்சர் இருந்தார், பேக்கரிக்காரர் இருந்தார், இன்னும் நாலைந்து பேர். துப்பறியும் நிபுணர் வந்துவிட்டார், வழிவிடுங்கள் என்று பேக்கரிக்காரர் கேலியாக வணங்கினார். மாஸ்டரின் டேப் இன்னும் அந்த மேஜையில் கிடந்தது.

தம்பி ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தித் துணிச்சுருளைப் பிரித்தான். மறுபடி ஆரம்பித்தான். மாஸ்டர் ஒரு தப்பும் செய்யவில்லை என்றான். தப்பு அத்தனையும் என் கண்ணாடி செய்தது என்றான். கண்ணாடி இல்லை, நான் என்று திருத்திக்கொண்டான். லென்ஸை மேஜையில் வைத்தான். மெஷின் நின்றது. டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல இருக்கறது வேற லென்ஸா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாம மாத்தினீங்களா?"

"ஆமா."

"இழுக்குதுன்னு சொன்னேன். பழகிடும்னு சொன்னீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "என் கை போயிடுச்சோன்னு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பேக்கரிக்காரர்கூடத் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். தம்பி அந்தச் சட்டையை மேஜையில் வைத்தான். அவனுடைய காது, கழுத்து எல்லாம் சிவந்து, வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. டெய்லரம்மா மாஸ்டரின் டேப்பை எடுத்துச் சுருட்டினாள். ஆளையும் இதே டேப்பில்தான் அளக்கிறேன் என்று அவர் அன்றே சொன்னாரே, எனக்குக் காதில் விழுந்ததே, இரண்டுக்கும் ஒரே டேப் என்றால் அது நீண்டிருந்தாலும் அளவு ஒத்துத்தானே போகும், ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்கே புரிந்திருக்குமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கடையைப் பூட்டினாள். டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.

மாஸ்டர் உடனே வந்துவிடவில்லை. அவளையும் கொஞ்ச நாள் காக்க வைத்தார். நியாயம்தான். பிறகு ஒருநாள் காலை எதிர்க்கடையிலிருந்து பாட்டுக் கேட்டது. நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே அழுதுவிட்டேன். தம்பி ஜன்னல் திரைச்சீலைகளை எல்லாம் இழுத்து மூடினான். அதற்கு மட்டும் நான்கு ஜோடியும் உதவின.

அதன் பிறகு அவன் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. பேக்கரிக்கு நானே போய் வாங்கி வந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து யார் வந்தாலும், ஆணோ பெண்ணோ, ஸ்கேலை வைத்து நேராகப் பார்த்து, இரண்டு தரம் அளந்தான். முகம் சிவந்தாலும் அளந்தான். இழுக்கிறது என்று யாராவது சொன்னால், கழற்றுங்கள் பார்க்கிறேன் என்றான். பழகிடும் என்ற சொல் எங்கள் கடையில் அதோடு செத்துப்போயிற்று.

மழைக்காலம் முடிந்த சமயம் டெய்லரம்மா வந்தாள். நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டேன். வெளியே வந்தவன் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அளவு எடுங்க. இந்தத் தடவை என்னைப் பார்த்து எடுங்க" என்றாள்.

கையைத் துடைத்தான். ஸ்கேலை எடுத்தான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான். குனிந்து அவள் மூக்கின்மேல் வைத்தான். அவள் அவன் கண்ணையே பார்த்தாள். அவனும் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் ஃபிரேம் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவள் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"முதல்லயே பார்த்திருக்கலாமில்ல?"

"பயமா இருந்துச்சு" என்றான்.

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. அவன் இரண்டாவது தரமும் அளக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷம் இரண்டு பேரும் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கொண்டார்கள். கல்யாணச் சட்டையை மாஸ்டரே வெட்டித் தைத்துத் தருகிறேன் என்றார். அளவு எடுக்க வரட்டுமா என்று தம்பி கேட்டதற்கு, வேண்டாம், எல்லாருக்கும் பொருந்துகிற அளவு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். கல்யாணத்தன்று காலை சட்டை வந்தது. போட்டுப் பார்த்தால் வலது கை சரியாக இருக்கிறது, இடது கை மணிக்கட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. மாஸ்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாலு நாள்ல பழகிடும்" என்றார்.

தம்பி கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டான். வேறு சட்டை இருக்கிறது, மாற்றிக்கொள் என்று நான் இழுத்தேன். அவன் கையை விடுவித்துக்கொண்டு, அந்தச் சட்டையோடே போய்க் கையெழுத்துப் போட்டான். புகைப்படக்காரர் அந்தக் கையைப் பின்னால் மறைத்துக்கொள்ளச் சொன்னார். இவன் முன்னால் வைத்துக்கொண்டு நின்றான்.

அந்தப் படம் தையல் கடையில்தான் மாட்டியிருக்கிறது, மாஸ்டரின் வெட்டுமேஜைக்கு நேர் மேலே. புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, டெய்லர் வீட்டு மாப்பிள்ளைக்கே இப்படியா என்று கேட்பார்கள். அப்போது தம்பி அங்கே இருந்தால் அவனே பதில் சொல்வான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, ஒன்றையும் விடாமல், மாஸ்டருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வான். ஒவ்வொரு தடவையும் அவன் காது சிவக்கும். மாஸ்டர் பாட்டை நிறுத்திவிட்டு முழுசையும் கேட்பார், முடிந்ததும் மறுபடி வெட்ட ஆரம்பிப்பார்.